பட்டனை அமுக்கின பிறகு

அன்றைக்கு மில் ஆபீஸ் மாடி அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

மேனேஜர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

எச்.ஆர். மேடம். மில்லுக்கு வந்து நாலு மாதம்தான். முன்னால் தாள், கையில் பேனா.

பயிற்சித் தலைவர் கார்த்திக். கோயம்புத்தூர் தலைமை ஆபீஸிலிருந்து காலையில் காரில் வந்தவர். மடியில் டேப்லெட்.

ஃபிட்டர் சவரிமுத்து. கிரீஸ் கையைத் துடைக்காமலே வந்திருந்தான்.

பாண்டியம்மா. கார்டிங் வேலைக்காரி. வலது கையில் முழங்கை வரை கட்டு.

அவள் வீட்டுக்காரர் தங்கவேல். அய்யலூர் சந்தைக்கு ஆடு ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். அவருக்கு நாற்காலி போடவில்லை. நின்றார்.

ஏழாவது ஆள் நான். முருகேசன். புது ஆட்களுக்கு வேலை பழக்கிவிடுகிறவன்.

இப்போது எனக்கு ஓய்வு. போன மாதம் என் வேலையை இப்போது பார்க்கிற இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணே, முதல் நாள் ஆளுங்களை உக்கார வச்சு எண்ணச் சொல்றோம். ஏன்னு கேட்டா எங்களுக்குச் சொல்லத் தெரியலை. நீங்க எழுதிக் குடுங்க" என்றார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கம் இல்லை. கேட்டதால் எழுதுகிறேன். சாந்தமாக எழுத வராது.

மில் வேடசந்தூர் பக்கம். நூல் மில். இருபது வயதில் கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அப்புறம் கார்டிங். மொத்தம் முப்பத்தெட்டு வருஷம். அதில் கடைசிப் பதினாறு வருஷம் பழக்கிவிடுகிற வேலை. நான் பழகின காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பார்த்துப் பழகு என்றார்கள். பார்த்தேன். திட்டு வாங்கினேன். பழகினேன். அம்புட்டுத்தான்.

கார்டிங் மிஷின் என்பது பஞ்சைச் சீவி, தூசி எடுத்து, வடம் மாதிரி வெளியே விடுகிற மிஷின். உள்ளே ஒரு இரும்பு உருளை. என் நெஞ்சு உயரம் இருக்கும். உருளை முழுக்கக் கம்பிப் பல். சீப்புப் பல்லை விடப் பொடிசு, அதை விட நெருக்கம். பட்டனை அமுக்கினால் கரண்டு நின்றுவிடும். உருளை நிற்காது. எங்கள் மிஷின்கள் பழசு, பிரேக் கிடையாது. அந்தக் கனத்துக்கு அது தன்பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி ஓய்ந்துதான் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. பல் நெருக்கமாக இருப்பதால் உருளை சுற்றும்போதும் நிற்கிற மாதிரியே தெரியும். பளபளவென்று ஒரே தகடாகத் தெரியும். சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. சுற்றி மற்ற மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணும் உதவாது, காதும் உதவாது.

எனக்கு இது தெரிந்தது ஒரு விளக்குமாற்றால். கார்டிங்குக்கு வந்த புதிது. பஞ்சு அடைத்துக்கொண்டது, எடு என்றார்கள். மிஷினை நிறுத்தினேன். மூடியைத் திறந்தேன். நின்ற மாதிரிதான் இருந்தது. குனிந்து கையை விட அலுப்பாக இருந்ததால் விளக்குமாற்றை விட்டேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது. பிடி மட்டும் திரும்பி வந்து கன்னத்தில் அடித்தது. மேஸ்திரி ஓடி வந்தார். "ஏலே, புது விளக்குமாறுடா அது, மில்லு சொத்து" என்று கத்தினார். கையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மிஷின் துடைக்க நிறுத்தும்போதெல்லாம் எண்ண ஆரம்பித்தேன். பக்கவாட்டில், உருளையோடு சேர்ந்தே சுற்றுகிற பெல்ட் சக்கரம் இருக்கும். அதில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டேன். சுற்றும்போது அது வளையமாகத் தெரியும். நின்றால்தான் கோடாகத் தெரியும். பட்டனை அமுக்கியதில் இருந்து வளையம் கோடாகி அசையாமல் நிற்கிற வரை எண்ணுவேன். ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு எண் வந்தது. அந்தந்த எண்ணை அந்தந்த மிஷின் மூடியிலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. அழிக்கவும் சொல்லவில்லை.

பழக்கிவிடுகிற வேலை கைக்கு வந்ததும் இதையே முதல் பாடமாக வைத்தேன்.

என் கணக்குக்கு ஒரு ஆள் பழக இருபத்தாறு நாள். முதல் நாள் எதையும் தொட விடமாட்டேன். மிஷின் பக்கத்தில் பெஞ்சு போட்டு உட்கார வைப்பேன். சக்கரத்தின் மேல் தகட்டைக் கழற்றிவிடுவேன். நான் பட்டனை அமுக்குவேன். அவர்கள் எண்ண வேண்டும். வாய்விட்டு எண்ண வேண்டும். நூற்றுக்கு மேல் எண்ணத் தடுமாறுகிறவர்கள் நூறு முடிந்ததும் ஒரு விரலை மடக்கிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து வரலாம். நடுவில் பேசினால், சிரித்தால், மிஷினை மறுபடி ஓடவிட்டு முதலில் இருந்து. எனக்கும் அதே சட்டம். எண்ணும்போது யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லமாட்டேன்.

"முருகேசண்ணே, வேலை கத்துக்குடுப்பீங்கன்னு வந்தா ஒண்ணாப்பு வாத்தியாரு மாதிரி எண்ணச் சொல்றீங்க."

"சாயங்காலம் வாய்ப்பாடு உண்டாண்ணே?"

"மணி அடிச்சா வீட்டுக்கு விட்ருவீங்கள்ல?"

கேலி பேசுவார்கள். பேசட்டும். "சிரிச்சாச்சா? முதல்ல இருந்து" என்பேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. மத்தியானத்துக்கு மேல் அலுத்துப்போய் என் மேல் எரிச்சல் வரும். வரத்தான் வேண்டும். அந்த அலுப்பு வந்தால்தான் உடம்பில் ஏறும். அதற்கப்புறம் எத்தனை வருஷம் ஆனாலும், பட்டன் விழுந்தால் வாய் தன்னால் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்துவிடும். கையை விடுகிற அவசரத்தை அந்த வாய் பிடித்துக்கொள்ளும். பதினாறு வருஷத்தில் நான் கண்டுபிடித்தது இது ஒன்றுதான். நான் பழக்கிய யாருக்கும் கார்டிங்கில் கை போகவில்லை.

நான் ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது கார்த்திக் சார் வந்தார். தலைமை ஆபீஸில் பயிற்சிக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியிருந்தார்கள். அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மரியாதையாகப் பேசுவார். கேன்டீனில் எங்களோடு வரிசையில் நின்று சாப்பிட்டார். ஒரு நாள் முழுக்க என் பெஞ்சு ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து பார்த்தார்.

"ஏனுங்ணா, காலைல இருந்து எண்ணிட்டே இருக்காங்களே. இதுல என்ன கத்துக்கறாங்க?"

"பொறுக்கக் கத்துக்கிறாங்க."

"அதை எப்படிங்ணா அளக்கறது?"

"கையைப் பாருங்க சார். அஞ்சு விரல் இருக்கா?"

சிரித்தார். லேப்டாப்பில் ஏதோ அடித்தார். என்ன அடித்தார் என்று அடுத்த மாதம் அறிக்கை வந்தபோது தெரிந்தது. முதல் நாள், பயனற்ற நேரம்.

இருபத்தாறு நாள் ஐந்து நாள் ஆனது. மூன்று நாள் வீடியோ, இரண்டு நாள் மிஷின் பக்கம் நின்று பார்ப்பது, கடைசியில் டேப்லெட்டில் இருபது கேள்வி. வீடியோ நன்றாகத்தான் இருந்தது. குற்றம் சொல்லவில்லை. நல்ல குரலில் ஒரு பெண் பேசும். கம்பெனியின் புது மில்லில் எடுத்தது. அங்கே எல்லாம் புது மிஷின். சிவப்புப் பட்டனை அமுக்கினால் பிரேக் பிடித்து நிற்கும். நின்ற பிறகுதான் மூடி திறக்கும். அதற்கு முன்னால் நீங்கள் தொங்கினாலும் திறக்காது.

எங்கள் மிஷினில் இரண்டு கொக்கி. எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம்.

சொன்னேன். "சார், அது வேற மிஷின், இது வேற மிஷின்."

"அடிப்படை ஒண்ணுதானுங்ணா. எல்லா மில்லுக்கும் ஒரே பாடம் இருந்தாத்தான் ஒரே தரம் வரும்."

மேனேஜரிடமும் போய்ச் சொன்னேன். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பிடிக்காத பேச்சு வந்தால் மேஜையில் இருக்கிற தாள்களை அடுக்க ஆரம்பித்துவிடுவார். அடுக்கி, தட்டி, மறுபடி அடுக்குவார். அன்றைக்கும் அடுக்கினார். "முருகேசன், இன்னும் எட்டு மாசம். நிம்மதியா இருந்துட்டுப் போங்க."

அந்தச் சமயத்தில்தான் நூல் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் பார்வைக்கு வந்தார்கள். எல்லா மிஷினுக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். என் சிவப்பு எண்கள் எல்லாம் போயின. மறுபடி எழுத ஒரு டப்பா பெயிண்ட் கேட்டேன். "இப்பத்தான் அடிச்சு அழகா இருக்கு, அதுல போய்க் கிறுக்குவீங்களா?" என்றார்கள்.

இனி எழுதுவது என்னைப் பற்றியது.

ஐந்து நாள் முடிந்ததும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள் வரும். அச்சடித்தே வரும். 'மிஷினைப் பாதுகாப்பாக நிறுத்தும் முறை நேரில் பழக்கப்பட்டது.' கீழே பயிற்சியாளர் கையெழுத்து. நான் பழக்கவில்லை. பழக்க நேரம் கொடுக்கவில்லை. முதல் அணியில் பதினொரு பேர். பதினொரு தாள். எனக்குப் படிக்கத் தெரியும். படித்துப் பார்த்துவிட்டுத்தான் பதினொன்றிலும் போட்டேன்.

அதில் ஒரு தாள் பாண்டியம்மாவுடையது.

வயது முப்பத்து மூன்று. இரண்டு பிள்ளைகள். தக்காளி பறிக்கிற கூலிக்கே விலை கட்டாமல் கொல்லையிலேயே விட்ட வருஷம் மில் பஸ் ஏறினவள். வாய் ஜாஸ்தி. வீடியோ ஓடும்போதே பேசுவாள். "ஏண்ணே, இந்த அக்கா மேல ஒரு பொட்டுப் பஞ்சு ஒட்டலையே, எந்த ஊரு மில்லு இது? நான் அங்கயே போயிருப்பேன்ல." தேர்வில் இருபதுக்கு இருபது. அவள் ஒருத்திதான். போட்டோ போட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். "இதுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுத் தாங்கண்ணே. வீட்டுல மாட்டணும். எம் மக கூட முழு மார்க்கு வாங்குனதில்ல."

போட்டுக் கொடுத்தேன்.

தனியாக மிஷினில் நின்ற ஒன்பதாம் நாள். காலை பத்தேகால் மணி. ஏழாம் நம்பர் மிஷினில் பஞ்சு அடைத்தது. பட்டனை அமுக்கினாள். கொக்கியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். பஞ்சுக் கட்டியை எடுக்கக் கையை விட்டாள்.

நான் அப்போது பயிற்சி அறையில் அடுத்த அணிக்கு அதே வீடியோவைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஓடினேன். சவரிமுத்து அவளைத் தன் மேல் சாய்த்துப் பிடித்திருந்தான். மூன்று விரல். அதற்கு மேல் எழுதமாட்டேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணே, பட்டனை அமுக்கிட்டேன்ணே. அமுக்கிட்டுத்தான் திறந்தேன்." ஆம்புலன்ஸ் வரும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தப்பு செய்த பிள்ளை வாத்தியாரிடம் சொல்கிற மாதிரி என்னிடம் சொன்னாள்.

விபத்து நடந்த பத்தொன்பதாம் நாள் விசாரணை. ஆரம்பத்தில் எழுதிய ஏழு பேர்.

மேடம் தாளை வாசித்தார். தாள் ஏற்கெனவே அடித்துத் தயாராக இருந்தது. பணியாளர் முறையாகப் பயிற்சி பெற்றவர். தேர்வில் இருபதுக்கு இருபது மதிப்பெண். நேரில் பழக்கப்பட்டதாகப் பயிற்சியாளர் கையொப்பம் உள்ளது. ஆகவே விபத்துக்குப் பணியாளரின் கவனக்குறைவே காரணம். இதைப் பணியாளர் ஒப்புக்கொள்கிறார்.

பாண்டியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். போடுகிற கையில்தான் கட்டு. அதனால் இடது பெருவிரல் ரேகை. மை டப்பாவை அவள் முன்னால் திறந்து வைத்திருந்தார்கள். அந்த ரேகை விழுந்தால் வேலை போகும். நாளைக்கு மில்லைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க முடியாது. கையும் போய், பழியும் அவள் மேல்.

தங்கவேல்தான் முதலில் பேசினார். "இருபதுக்கு இருபது வாங்குனதால தப்பு இவ மேலன்றீங்க. எட்டு வாங்கியிருந்தா?"

"நீங்க குறுக்க பேசாதீங்க" என்றார் மேனேஜர். "உங்களை உள்ள விட்டதே ஒரு மரியாதைக்கு."

"மரியாதைக்கு ஒரு சேர் போட்டிருக்கலாம்ல சார்."

மேனேஜர் தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

கார்த்திக் சார் டேப்லெட்டை மேஜையில் வைத்தார். "இது அவங்க எழுதின தேர்வுங்க. பாருங்க, பதினாலாவது கேள்வி. அடைப்பு வந்தா என்ன செய்யணும்? சிவப்புப் பட்டனை அழுத்தி, மூடியைத் திறந்து, அடைப்பை எடுக்கணும். சரியாப் பதில் சொல்லியிருக்காங்க. அப்பத் தெரிஞ்சிருக்குதுல்லைங்க?"

பாண்டியம்மா அந்த டேப்லெட்டையே பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அதைத்தான சார் செஞ்சேன்."

கீழே மிஷின் ஓடுகிற அதிர்வு மேஜையில் இருந்தது.

"இல்லைங்க" என்றார் கார்த்திக் சார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நிக்கறதுக்கு ஒரு பத்து செகண்டு விடோணுமில்லைங்க. அதெல்லாம் பாடத்துல எழுதறதில்லைங்க. யாருக்கும் தெரியுமே."

பத்து செகண்டு. பாடம் எழுதினவர் சொல்கிறார். அந்த மிஷின் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தவர் சொல்கிறார். எட்டுத் தடவை எண்ணியது அவர் காதில் விழுந்தது. அவர் எண்ணவில்லை. எழுந்தேன்.

"அந்தக் கையெழுத்து என்னுது சார். ஆனா நான் பழக்கலை. பொய்க் கையெழுத்து."

"முருகேசன், இன்னும் ரெண்டே மாசம். யோசிச்சுப் பேசுங்க" என்றார் மேனேஜர்.

"அன்னைக்கே யோசிச்சேன் சார். பொய்னு தெரிஞ்சுதான் போட்டேன். பதினொரு பேருக்கும் போட்டேன். மத்த பத்துப் பேரு இப்பக் கீழ மிஷின்ல நிக்கிறாங்க."

மேனேஜர் எச்.ஆர். மேடம் பக்கம் திரும்பினார். "இதை எழுத வேண்டாம்மா."

மேடம் தலையை நிமிர்த்தவில்லை. "எழுதிட்டேன் சார்."

"எல்லாரும் கீழ வாங்க" என்றேன். "பத்து செகண்டான்னு பாத்துருவோம்."

"ஓடுற மிஷினை நிறுத்தவா? உற்பத்தி என்ன ஆகுறது?" என்றார் மேனேஜர்.

சவரிமுத்து அதுவரை வாயைத் திறக்கவில்லை. "செத்த நேரம்தான சார். அந்தப் பிள்ளை கை மாட்டுன அன்னைக்கும் நிறுத்தித்தான வச்சிருந்தோம்."

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் பாண்டியம்மா ரேகை வைக்கவில்லை. வேறு தாள் எழுதினார்கள். அதில் கவனக்குறைவு என்ற வார்த்தை இல்லை. அவள் இப்போதும் அதே மில்லில்தான் இருக்கிறாள், நூல் கோன் சோதிக்கிற இடத்தில். மற்ற பத்துப் பேரையும் மறுநாள் காலையில் மிஷினை விட்டு இறக்கிப் பெஞ்சில் உட்கார வைத்தேன். எனக்கு மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். எனக்குக் கொடுக்க வேண்டியதுதான். வீடியோவுக்கு மெமோ இல்லை. பயனற்ற நேரம் என்று அடித்த விரலுக்கும் மெமோ இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. பாடம் தப்பாக இருந்தால் படித்தவள் விரலைத்தான் கொடுக்க வேண்டுமா? எழுதினவருக்கு என்ன போகிறது?

கீழே நடந்தது இதுதான்.

ஏழு பேரும் ஏழாம் நம்பர் மிஷின் முன்னால் நின்றோம். சவரிமுத்து பக்கத் தகட்டைக் கழற்றினான். பச்சைப் பெயிண்ட் உள்ளே வரை போகவில்லை. என் வெள்ளைக் கோடு சக்கரத்தில் அப்படியே இருந்தது. வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த மிஷினின் எண் எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

"யார் அமுக்குறது?" என்றான் சவரிமுத்து.

"நான் அமுக்குறேன்" என்றாள் பாண்டியம்மா. இடது கையை நீட்டி அமுக்கினாள்.

ஒன்று என்று ஆரம்பித்தேன். சவரிமுத்து கூடச் சேர்ந்தான். மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி கத்தித்தான் எண்ணினோம்.

பத்து வந்தது. கார்த்திக் சார் சக்கரத்தைப் பார்த்தார். வளையம் அப்படியே இருந்தது. சவரிமுத்து கொக்கியை எடுத்து மூடியைத் திறந்தான்; உள்ளே உருளை பளபளவென்று நின்ற மாதிரி இருந்தது.

அறுபதில் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நூறில் தங்கவேல் ஒரு விரலை மடக்கினார். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"போதும் முருகேசன், புரியுது" என்றார் மேனேஜர்.

நான் பதில் சொல்லவில்லை. எண்ணினேன்.

நூற்றைம்பதில் மேடம் சேர்ந்தார். இருநூறில் பாண்டியம்மா சேர்ந்தாள். மெதுவாகத்தான் எண்ணினாள். அவள் படிக்க வேண்டிய முதல் பாடம் அது. அப்போதுதான் கவனித்தேன், பக்கத்து மிஷின்களில் நான் பழக்கிய பழைய பெண்கள் நின்றார்கள். சத்தம் கேட்கவில்லை. உதடு அசைவது தெரிந்தது. பட்டன் விழுந்ததிலிருந்தே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

முந்நூறு. தங்கவேல் மூன்றாவது விரலை மடக்கினார். மடக்கின மூன்று விரலைப் பார்த்துவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கார்த்திக் சாருக்கு நெற்றி வேர்த்திருந்தது. அவர் உதடும் அசைந்தது.

வளையம் உடைந்து கோடானது. கோடு மேலே போய்க் கீழே வந்தது. இன்னும் ஒரு தடவை மேலே போனது. உச்சி வரை போகாமல் திரும்பி இறங்கியது. லேசாக ஆடியது. நின்றது.

முந்நூற்று எண்பத்தாறு.